"முதலில் குடியை நிறுத்தட்டும்"

"குடிச்சுக் குடிச்சுத்தான் அவனுக்கு மனசு கெட்டுப்போச்சு" என்பார் மச்சான். "மனசு கெட்டதுனாலதான் அவன் குடிக்கவே ஆரம்பிச்சான்" என்பாள் அக்கா. அம்மாவுக்கு இரண்டுமே சரியென்று படும். பினாங்கின் டத்தோ கிராமாட் அடுக்குமாடி வீட்டின் கூடத்தில் நடந்தாலும், சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ நடந்தாலும், இந்த வாக்குவாதத்தில் யாரும் யாரையும் ஒப்புக்கொள்ள வைத்ததில்லை. குடி இருக்கும் இடத்தில் சியாபு, கஞ்சா, ஹெரோயின் என்று எதை வைத்தாலும் கேள்வி மாறுவதில்லை. போதை முதலா, மனநோய் முதலா?

சிகிச்சை தேடிப் போகும்போதுதான் இந்தக் கேள்வி ஆளையே தடுத்து நிறுத்துகிறது. மனநலப் பிரிவில் "முதலில் குடியை நிறுத்தட்டும், பிறகு பார்க்கலாம்" என்கிறார்கள். போதை மறுவாழ்வு இல்லத்திலோ "இவருக்குக் காதில் குரல் கேட்கிறது, எங்களால் வைத்துக்கொள்ள முடியாது, முதலில் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள்" என்கிறார்கள். பல நாடுகளில் திரும்பத் திரும்பப் பதிவான நிலை இது. இரண்டு கவுண்டர்களுக்கும் நடையாய் நடந்து சலித்தவர்களில் எத்தனையோ பேர் பிறகு சிகிச்சைப் பக்கமே வருவதில்லை. எது முதலில் என்று அறிவது மருத்துவருக்கு உதவும். அது தெரியும்வரை நோயாளியைக் காக்க வைப்பதற்கு அறிவியலில் ஆதாரம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

ஒருவரிடம் ஒரே காலத்தில் இரண்டு நோய்கள் சேர்ந்திருப்பதை 'இணைநோய்' என்கிறோம். கோவிட் காலத்துச் செய்திகளில் நீரிழிவு, ரத்த அழுத்தம் பற்றிப் பேசும்போது அடிக்கடி அடிபட்ட சொல்தான். இந்தக் கருத்துக்கு மருத்துவத்தில் பெயர் கொடுத்தவர் யேல் பல்கலைக்கழகத்தின் ஆல்வன் ஃபைன்ஸ்டைன். ஆண்டு 1970. மனநோயும் போதைச் சார்பும் சேர்ந்திருந்தால் அதை 'இரட்டை நோயறிதல்' என்றும் மருத்துவர்கள் சொல்வார்கள்.

இவை அடிக்கடி சேர்ந்து வருகின்றன என்று எப்படித் தெரியும்? மருத்துவமனையில் உட்கார்ந்து எண்ணினால் போதாதா என்று தோன்றும். போதாது. 1946இல் ஜோசஃப் பெர்க்சன் என்ற அமெரிக்கப் புள்ளியியலாளர் இதிலுள்ள பொறியைக் காட்டினார். ஒரு நோய் உள்ளவர் அந்த நோய்க்காக மட்டுமே மருத்துவமனைக்கு வருவார். இரண்டு நோய் உள்ளவர் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஆகவே, ஒன்றுக்கொன்று எந்தத் தொடர்பும் இல்லாத நோய்கள்கூட மருத்துவமனை வார்டுக்குள் நின்று பார்த்தால் ஒன்றாகத் திரிவதுபோலத் தெரியும். உண்மை வேண்டுமானால் வீடு வீடாகப் போக வேண்டும்.

அப்படிப் போனார்கள். 1980களில் அமெரிக்காவின் ஐந்து இடங்களில், வீடுகளிலும் மருத்துவமனைகளிலும் சிறைகளிலுமாக 20,291 பேரிடம் ஒரே மாதிரியான கேள்விகளைக் கேட்டார்கள். டாரல் ரேஜியர் குழு 1990இல் முடிவுகளை வெளியிட்டது. வாழ்நாளில் எப்போதாவது மனநோய் இருந்தவர்களில் 29 விழுக்காட்டினருக்குக் குடியோ மற்ற போதையோ நோயாகியிருந்தது. குடி நோயாளிகளில் 37 விழுக்காட்டினருக்கு ஏதேனும் மனநோய் இருந்தது. மது அல்லாத போதைப்பொருளுக்கு அடிமையானவர்களில் இது 53 விழுக்காடு. மனச்சிதைவு நோய் உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் போதையிலும் சிக்கியிருந்தார்கள். பெர்க்சன் சொன்ன பொறியைத் தாண்டியும் தொடர்பு நிற்கிறது என்பது இதில் உறுதியானது. கடுமையான மனநோயும் போதையும் எல்லா நிறுவனங்களையும்விடச் சிறைகளில்தான் அதிகம் சேர்ந்திருந்தன. டத்தோ கிராமாட்டில் பினாங்குச் சிறைச்சாலைக்கும் பொது மருத்துவமனைக்கும் இடையில் நடந்தே போய்விடலாம். இந்தத் தகவலை நினைத்துக்கொண்டு அந்தத் தெருக்களைக் கடக்கும்போது மனம் கனக்கிறது.

சரி, ஏன் சேர்ந்து வருகின்றன? அக்கா சொல்வதற்கு மருத்துவத்தில் ஒரு கோட்பாடே உண்டு. எட்வர்ட் கான்ட்சியன் என்ற மனநல மருத்துவர் 1985இல் எழுதியது அது. தாங்க முடியாத மனவலிக்குத் தானே மருந்து தேடிக்கொள்கிறவரே போதைக்குப் போகிறார் என்றார் அவர். இதைத் 'தன்மருத்துவம்' எனலாம். இன்னொரு விளக்கம், இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது. பரம்பரையாக வரும் மரபணுக்கள் அந்த வேரில் ஒரு பங்கு. சிறுவயதில் பட்ட அடி, புறக்கணிப்பு, வீட்டு வன்முறை மற்றொரு பங்கு. 1998இல் வெளிவந்த கலிஃபோர்னிய ஆய்வு ஒன்றில், இப்படிப்பட்ட குழந்தைப்பருவத் துன்பங்களில் நான்கு வகையோ அதற்கு மேலோ அனுபவித்தவர்களுக்குக் குடி, போதைப்பொருள், மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றின் ஆபத்து நான்கு முதல் பன்னிரண்டு மடங்குவரை கூடியிருந்தது. ஒரே காயத்திலிருந்து இரண்டும் கிளைக்கலாம்.

மச்சானின் கட்சிக்கு மூளைக்குள் போய்ப் பார்க்க வேண்டும். தோட்டத்து விளையாட்டு விழாக்களில் கயிறு இழுக்கும் போட்டி பார்த்திருப்பீர்கள். எதிரணி இழுக்க இழுக்க நம் அணி குதிகாலை ஊன்றிப் பின்னால் சாயும். இரு பக்கமும் சம வலு என்றால் கயிறு அசையாது. வெளியே பார்க்க அமைதிதான். அந்த நேரத்தில் எதிரணி சட்டென்று கயிற்றை விட்டால்? நம் ஆட்கள் மல்லாந்து விழுவார்கள். தினமும் குடிப்பவரின் மூளை இப்படித்தான் சாய்ந்து நிற்கிறது. மூளையை அடக்கும் வேதிச்செய்தி காபா, கிளர்த்துவது குளூட்டமேட். மது காபாவின் அடக்கத்தைக் கூட்டி, குளூட்டமேட்டின் கிளர்ச்சியைக் குறைக்கிறது. மாலைதோறும் இந்த இழுப்பைச் சந்திக்கும் மூளை, காபாவுக்குத் தான் காட்டும் உணர்திறனைக் குறைத்து, குளூட்டமேட் வேலையைக் கூட்டி எதிர்த்து நிற்கப் பழகுகிறது. முன்பு இரண்டு போத்தலில் கிடைத்த மயக்கத்துக்கு இப்போது நான்கு போத்தல் வேண்டும். இதுதான் தாங்குதிறன். ஒருநாள் குடி நின்றால் கயிறு விடுபட்டுவிடும். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத பயம் எல்லாம் வரும். இவை விலகல் அறிகுறிகள்.

காலையில் அந்தப் பயத்தோடு எழுகிறவர் ஒரு மடக்குக் குடிக்கிறார், பயம் அடங்குகிறது. அவரைப் பொறுத்தவரை மது பயத்துக்கு மருந்து. மருத்துவர் பார்வையில் அந்தப் பயம் நேற்றைய மதுவின் விளைவு. இருவர் சொல்வதும் உண்மை. அக்காவும் மச்சானும் ஆண்டுக்கணக்கில் வாதாடி முடிவு காணாததற்குக் காரணம், வட்டத்தின் இரு வேறு பக்கங்களில் அவர்கள் நிற்பதுதான்.

இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லியாக வேண்டும். தைப்பூசத்துக்குக் காப்புக் கட்டியதும், சபரிமலைக்கு மாலை போட்டதும் குடியை ஒரே நாளில் விடுபவர்கள் நம்மிடம் உண்டு. அந்த மன உறுதியைப் போற்றுகிறேன். ஆனால் பல ஆண்டுகளாக நாள்தோறும் அதிகமாகக் குடித்தவர் சட்டென்று நிறுத்தினால் 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆளே தடுமாறி, இல்லாத பூச்சிகளைக் கண்டு, காய்ச்சலோடு பிதற்றும் நிலை வரலாம். அது உயிரைப் பறிக்கக்கூடியது. சாமி வந்துவிட்டது என்றோ செய்வினை என்றோ எண்ணி வீட்டில் வைத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும். விரதத்துக்கு ஒரு வாரம் முன்பே மருத்துவரைப் பார்த்தால், மாத்திரை தந்து கயிற்றை மெல்ல மெல்லத் தளர்த்த அவர்களால் முடியும். வைட்டமின் பி1 குறைவையும் அப்போதே கவனிப்பார்கள்.

பத்திரமாக நிறுத்திய பிறகு என்ன நடக்கிறது? 1988இல் சாண்ட்ரா பிரவுன், மார்க் ஷுக்கிட் இருவரும் குடிநோய்ச் சிகிச்சைக்குச் சேர்ந்த 191 ஆண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். சேர்ந்த நாளில் 42 விழுக்காட்டினருக்குச் சிகிச்சை தேவைப்படும் அளவுக்கு மனச்சோர்வு இருந்தது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்த பிறகு அளந்தபோது 6 விழுக்காட்டினரிடம்தான் அது எஞ்சியிருந்தது. மனச்சோர்வுக்கான மருந்து தராமலே பெரும்பாலோருக்கு மேகம் கலைந்தது. குடி நின்று ஏறத்தாழ ஒரு மாதம் கழித்தும் மனச்சோர்வு நீடித்தால் அதைத் தனி நோயாகக் கொள்ளலாம் என்ற நடைமுறை இத்தகைய ஆய்வுகளிலிருந்து வந்தது. 48 நாள் மண்டல விரதம் இந்தக் கால அளவைத் தாண்டியே நிற்கிறது. அந்த நாட்களில் அவர் சிரித்தாரா, தூங்கினாரா, அல்லது குடியில்லாமலே இருண்டு கிடந்தாரா என்பது வீட்டாருக்குத் தெரியும். ரத்தப் பரிசோதனையில் கிடைக்காத தகவல் அது.

மச்சான் வென்றுவிட்டார் என்று முடித்துவிட வேண்டாம். அந்த 191 பேரும் குடியே முதல் நோயாக இருந்தவர்கள், அப்படித்தான் தேர்ந்தெடுத்தார்கள். பதினெட்டு வயதிலேயே மனச்சோர்வு வந்து இருபத்தைந்தில் குடிக்கத் தொடங்கியவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. நான்கு வாரம் குடிக்காமல் இருந்து காட்டு, பிறகு மருந்து என்பது, குடியை நிறுத்த முடியாததையே நோயாகக் கொண்டவரிடம் வைக்கும் நிபந்தனை. அந்த நான்கு வாரத்துக்குள் தற்கொலை எண்ணம் வராது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

சியாபு விஷயத்தில் இன்னும் நுட்பமான ஓர் ஆய்வு உண்டு. மெத்தம்ஃபெட்டமின் என்ற அந்தப் பொருள் மூளையில் டோப்பமினை வெள்ளமாகக் கொட்ட வைக்கிறது. யாரோ பின்தொடர்கிறார்கள், சுவருக்குள் ஆள் பேசுகிறார் என்ற உளப்பிறழ்வு வருகிறது. மனச்சிதைவு நோயின் தோற்றமும் ஏறக்குறைய இதேதான். சியாபு எடுப்பவர்களையும் எடுக்காதவர்களையும் ஒப்பிட்டால், "எடுப்பவர்கள் முதலிலிருந்தே வேறு மாதிரியான ஆட்கள்" என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆஸ்திரேலியாவில் ரெபெக்கா மெக்கெட்டின் குழு அந்த வழியை அடைத்தது. 278 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டார்கள்: அவர் எடுத்த மாதம், எடுக்காத மாதம். 2013இல் வெளியான முடிவின்படி, எடுத்த மாதங்களில் உளப்பிறழ்வு அறிகுறிகளுக்கான வாய்ப்பு ஐந்து மடங்கு. தொடாத மாதங்களில் 7 விழுக்காடாக இருந்த அறிகுறிகள், மாதத்தில் 16 நாட்களோ அதற்கு மேலோ எடுத்தபோது 48 விழுக்காட்டை எட்டின. மரபணுவும் குழந்தைப்பருவமும் மாதத்துக்கு மாதம் மாறுவதில்லை. ஆகவே, மாறிய பொருளின் மீதுதான் பழி விழும். மலேசியாவிலும், மெத்தம்ஃபெட்டமினைச் சார்ந்திருந்த 292 பேரிடம் அகமது ஹாத்திம் சுலைமான் குழு நடத்திய ஆய்வில் ஏறத்தாழப் பாதிப்பேர் எப்போதோ ஒருமுறை இந்த உளப்பிறழ்வைக் கண்டிருந்தார்கள். ஆய்வு நடந்தபோதும் அறிகுறி இருந்தவர்கள் 13 விழுக்காடு. பொருளை நிறுத்தியும் குரல்கள் ஓயாதவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மனச்சிதைவுச் சிகிச்சையே தேவை. எவர் எந்த வகை என்பது முதல் நாளில் தெரியாது. முதல் நாளிலேயே தெரிவது ஒன்றுதான்: பயந்து நடுங்கும் மனிதருக்கு அன்றே மருந்து வேண்டும்.

இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை தந்து பார்த்தவர்கள் உண்டா? ஹெலன் பெட்டினாட்டி பென்சில்வேனியாவில் செய்தார். மனச்சோர்வும் குடிநோயும் சேர்ந்திருந்த 170 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார். ஒரு குழுவுக்கு மனச்சோர்வு மருந்தான செர்ட்ராலின். இன்னொன்றுக்குக் குடிவேட்கையைத் தணிக்கும் நால்ட்ரெக்சோன். மூன்றாவது குழுவுக்கு இரண்டும். நான்காவதற்கு வெற்று மாத்திரை. எல்லோருக்கும் வாரந்தோறும் உளவளத்துணையும் உண்டு. 14 வாரச் சிகிச்சையில் குடியைத் தொடாமல் இருந்தவர்கள், இரண்டு மருந்தும் பெற்ற குழுவில் 53.7 விழுக்காடு. செர்ட்ராலின் மட்டும் 27.5, நால்ட்ரெக்சோன் மட்டும் 21.3, வெற்று மாத்திரை 23.1. ஒன்றை மட்டும் கவனித்தது, ஏறக்குறைய எதையுமே தராததற்குச் சமமாகப் போயிற்று. 2010இல் வெளிவந்த இந்த எண்களைப் படித்தபோது எத்தனையோ குடும்பங்களின் அலைச்சலுக்கு ஒரு விளக்கம் கிடைத்தது போலிருந்தது. இது ஒரு சிறிய ஆய்வு. இதை வைத்தே எல்லோருக்கும் விதி எழுத முடியாது. கடுமையான மனநோயோடு போதையும் சேர்ந்தவர்களுக்கான பேச்சுவழிச் சிகிச்சைகளைத் தொகுத்துப் பார்த்த, காக்ரேன் என்ற மருத்துவச் சான்றாய்வு அமைப்பின் 2019ஆம் ஆண்டு ஆய்வுரை, எந்த ஒரு முறையும் மற்றதைவிடத் தெளிவாக மேல் என்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றே முடித்தது. எந்த முறை என்பதில் இன்னும் தெளிவில்லைதான். அதற்காக இரண்டில் ஒரு நோயைத் திருப்பி அனுப்பலாம் என்று அந்த ஆய்வுரை எங்கும் சொல்லவில்லை.

பிறகு ஏன் இரண்டு கவுண்டர்கள்? வரலாறுதான் காரணம் என்று நினைக்கிறேன். மலாயாவில் மனநோய்க்கென்று 1911இல் தஞ்சோங் ரம்புத்தானில் பெரிய மருத்துவமனை கட்டினார்கள். அந்த ஊர்ப்பெயரே இன்றும் கேலிச்சொல்லாக இருந்து, சிகிச்சைக்குப் போக நினைப்பவரைக் கூசவைக்கிறது. அதே காலத்தில் அபின் அரசுக்கு வருமானம். பினாங்கில் பிறந்த மருத்துவர் வூ லியன்-டே அபினுக்கு எதிராகப் போராடியவர். அந்தப் போராட்டக் காலத்தில், 1907இல், அவருடைய மருந்தகத்தில் சிறிதளவு அபின் கரைசல் இருந்ததாக வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். பின்னாளில் போதை, காவல்துறைக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விஷயமானது. 1983ஆம் ஆண்டுச் சட்டம், போதைக்கு அடிமையானவரை நீதிமன்ற ஆணையின்பேரில் இரண்டு ஆண்டுவரை மறுவாழ்வு மையத்தில் வைக்க வழிசெய்தது. தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனமான ஏஏடிகே உள்துறை அமைச்சின் கீழ் இயங்குகிறது. மனநலம் சுகாதார அமைச்சின் கீழ். ஒரே தலைக்குள் இருக்கும் இரு நோய்கள் இரண்டு அமைச்சுகளுக்குப் பிரிந்துபோயின.

அடைத்து வைப்பதால் என்ன விளைந்தது என்பதும் அளந்து பார்க்கப்பட்டிருக்கிறது. ஹெரோயின் போன்ற அபின் வகைப் போதையைச் சார்ந்திருந்த மலேசியர்கள் 184 பேரைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. கட்டாய மையங்களிலிருந்து வெளிவந்தவர்களில் பாதிப்பேர் 31 நாட்களுக்குள் பழைய போதைக்குத் திரும்பினார்கள். தாமாக வந்து, மாற்றுமருந்தான மெத்தடோன் சிகிச்சை பெற்றவர்களுக்கு அந்த இடைக்காலம் 352 நாட்கள். அடைப்பில் இருந்த காலத்தில் தாங்குதிறன் தேய்ந்துபோகிறது. வெளியே வந்ததும் பழைய அளவையே எடுத்தால் மூச்சு நின்றுவிடுகிறது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் சிறையிலிருந்து விடுதலையானவர்கள், முதல் இரண்டு வாரங்களில் அளவுமீறிய போதையால் இறக்கும் ஆபத்து மற்றவர்களைவிட 129 மடங்கு என்று 2007இல் கண்டார்கள். சிறைவாசலில் காத்து நிற்கும் குடும்பம் மிகவும் விழிப்பாக இருக்க வேண்டிய நாட்கள் அவை.

நல்ல மாற்றங்களும் நடந்திருக்கின்றன. 2005இல் மலேசிய அரசு மெத்தடோன் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு ஊசி பரிமாற்றத் திட்டம் முதலில் வந்த மூன்று இடங்களில் பினாங்கும் ஒன்று. 2010 முதல் ஏஏடிகே, தாமாக வருபவர்களுக்கு 'கியூர் அண்ட் கேர்' கிளினிக்குகளைத் திறந்தது. இதே பினாங்குத் தீவில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் போதைப்பொருள் ஆய்வு மையம் பல பத்தாண்டுகளாக இயங்குகிறது. அதை வளர்த்தெடுத்த பேராசிரியர் நவரத்தினம், அவருக்குப் பின் விக்னசிங்கம் என்று அதன் வரலாற்றில் தமிழ்ப் பெயர்களைப் பார்க்கும்போது மகிழ்ச்சியாக இருக்கிறது.

டத்தோ கிராமாட்டில் இருக்கும் ஒருவர் இன்று எங்கே தொடங்குவது? அரசு கிளினிக் கெசிஹாத்தானில் ஒரு ரிங்கிட் கட்டிப் பதிந்துகொள்ளலாம். குடியின் அளவை அறியும் பத்துக் கேள்விகளும், மனச்சோர்வை அறியும் ஒன்பது கேள்விகளும் உலகெங்கும் புழக்கத்தில் உள்ளவை. இரண்டையும் கேட்கப் பத்து நிமிடம் போதும். ஒன்றைத்தான் கேட்டார்கள் என்றால் மற்றதையும் கேட்கச் சொல்லுங்கள். பொது மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு எழுதும் கடிதத்தில் இரண்டும் இருக்கட்டும். உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் கடிதத்துக்குக் காத்திராமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். பேச ஆள் தேவை என்றால் சுகாதார அமைச்சின் 'ஹீல்' உதவி எண் 15555.

போகும்போது ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோவது நல்லது: மனம் முதலில் எந்த வயதில் மாறியது, குடியோ சியாபுவோ எப்போது தொடங்கியது, நடுவில் எத்தனை நாள் தொடாமல் இருந்தார், அந்த நாட்களில் எப்படி இருந்தார், அப்பா வழியிலோ அம்மா வழியிலோ யாருக்காவது மனநோய் உண்டா. அக்காவும் மச்சானும் தங்கள் கட்சியை விட்டுவிட்டு இதைச் சேர்ந்து எழுதலாம். மருத்துவர் மாத்திரை எழுதித் தந்ததும் இன்னொன்றையும் அங்கேயே கேளுங்கள்: ஒருநாள் குடித்துவிட்டால் அன்று மாத்திரையை என்ன செய்வது? குடித்த வெட்கத்தில் மாத்திரையையும் விட்டுவிட்டு, அடுத்த தவணைக்கும் போகாமல் இருந்துவிடுகிறவர்கள் பலர்.